மொத்தக் கயிறு

போன மாதம், என் பழைய வேலையில் இப்போது இருக்கும் தம்பி கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பச்சை, ஊதா, மஞ்சள், பாம்புத்தோல் மாதிரிப் புள்ளி போட்டது என்று திரை நிறையக் கயிறு. கீழே ஒரு கேள்வி: “அண்ணே, படகுக்கு இதுல எதுங்க நல்லது?”

“எந்தக் கயித்துக்கு?” என்று கேட்டேன்.

“படகுக் கயித்துக்குத்தாண்ணே.”

இதற்குக் கைபேசியில் பதில் எழுதப் போனால் என் கட்டைவிரல் தேய்ந்துவிடும். ஆகவே மேசை போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி இதைப் படிப்பாரோ என்னவோ, அதற்குள் ஊதாவை வாங்கிவிடுவார் என்றே நினைக்கிறேன்.

நான் இப்போது இருப்பது பெரகலைச் சந்திக்குக் கொஞ்சம் மேலே. இங்கே கண்ணுக்குத் தெரிகிற பெரிய நீர்நிலை எங்கள் வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தாங்கிதான். பாய்ப்படகில் வேலை பார்த்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொன்னேன். “எந்தக் கடல்லங்க?” என்றார். “மஹியங்கனை ரோட்டுல” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் காலநிலை பற்றி மட்டுமே பேசுகிறார்.

சொன்னது பொய்யில்லை. பதுளையிலிருந்து மஹியங்கனைப் பக்கமாகக் கீழே இறங்கினால் ஒரு குளம், கரையில் ஒரு ஹோட்டல். எல்ல என்ற ஊரில் பாலத்தையும் ரயிலையும் படமெடுத்து முடித்த வெள்ளைக்காரர்கள் ‘அடுத்தது என்ன?’ என்று கேட்டால் காட்டுவதற்கென்று ஹோட்டல்காரர்கள் ஆறு சின்னப் பாய்ப்படகுகளை வாங்கி விட்டிருந்தார்கள். நான் அறை துடைக்கப் போனவன். படகுக் கொட்டகையில் இருந்த ஆள் வெளிநாடு போனதால் என்னை அங்கே அனுப்பினார்கள். விருந்தாளிகள் விட்டுப்போகும் புத்தகங்களை அறைக்குள்ளேயே நின்று படித்துவிட்டுத்தான் தரை துடைக்கிறேன் என்று என்மீது ஒரு புகாரும் இருந்தது.

கொட்டகைக்குப் பெரியவர் குலநாயகம் ஐயா. வடமராட்சிக் கரையில் பிறந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து, படகோட்டக் கற்றுக்கொடுக்க இங்கே வந்தவர். வெள்ளைச் சட்டை, மடித்த கை, சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தி. எல்லாரையும் ‘நீர்’ என்பார், ஹோட்டல் நாயையும் சேர்த்து. முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீர் நீந்துவீரோ?”

“தெரியாதுங்க ஐயா.”

“நல்லது. அப்ப படகைக் கவனமாப் பாப்பீர்.”

என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான் என்று சொன்னால் அது அவ்வளவு மிகையில்லை. மற்றதெல்லாம் தவறு செய்து படித்தது.

எனக்குத் தெரிந்த கயிறு இரண்டு வகை: தோட்டத்து லயத்தில் துணி காயப்போடுவது, மாடு கட்டுவது. ஐயாதான் படகைப் பெரட்டுக்களமாக்கிக் காட்டினார். காலையில் தோட்டத்துப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி ஆளுக்கொரு வேலை பிரிக்கிற மாதிரி, படகில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு வேலை. பாயைப் பாய்மரத்தில் ஏற்றுவது ஆஞ்சான். ஏற்றிக் கட்டிவிட்டால் சாயந்தரம் வரைக்கும் அது அசையக் கூடாது, இளகக் கூடாது. அரசாங்க உத்தியோகம். பாயை இழுத்துப் பிடிப்பதும் காற்றுக்கு விட்டுக்கொடுப்பதும் தாமான். அது நாள் முழுக்க ஓட்டுகிறவன் கையிலேயே கிடந்து போய்வந்துகொண்டிருக்கும். கொழுந்து பறிக்கிற வேலை. உத்தியோகத்துக்கு எடுக்கிற ஆளைக் கொழுந்துக்கு அனுப்பினாலும், கொழுந்து ஆளை உத்தியோகத்தில் உட்காரவைத்தாலும் இரண்டும் கெடும்.

நான் இரண்டையும் கெடுத்துப் பார்த்தேன். ஒருமுறை ஆஞ்சான் அறுந்துபோக, நல்ல பலமான கயிறு என்று நைலோன் கயிற்றைக் கட்டினேன். நைலோன் அறாது, உண்மைதான். ஆனால் இழுத்தால் நீளும். நங்கூரத்துக்கு அது குணம், ஆஞ்சானுக்கு அது வியாதி. காற்று ஏற ஏற ஆஞ்சான் நீண்டு, பாய் கீழே இறங்கி, நடுவில் வயிறு வைத்துக்கொண்டு கரைக்கு வந்தது. ஐயா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

“உம்மடை பாய்க்கு எத்தினை மாசம்?”

இன்னொருமுறை அடைமழையில் நனைந்த கயிறுகளைக் காயவைக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் வெயிலை நம்பித் துணி துவைப்பவர் யாரும் கிடையாது. நனைந்தது எதுவானாலும் அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம். அந்தப் பழக்கத்தில் அத்தனை கயிறுகளையும் ஹோட்டல் விறகடுப்புக்கு மேலே கட்டிவிட்டேன். அவை நன்றாகக் காய்ந்தன. விறைத்துக் கம்பியாகி, போதாததற்குக் கருவாட்டு வாசத்தையும் ஏற்றிக்கொண்டன. ஐயா ஒன்றை மூக்கருகே பிடித்தார்.

“உதை ஆஞ்சானாக் கட்டவோ, சொதிக்குள்ளை போடவோ?”

கயிறு தெரிவு செய்யும் முறையை அவரிடம் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன், தம்பிக்கு உதவும். பதுளைக் கடைவீதியில் ஒரு ஹார்ட்வெயார் முதலாளி எங்களுக்காகவே கொழும்பிலிருந்து பின்னல் கயிறு எடுப்பித்து வைத்திருப்பார். ஐயா கடைக்குள் நுழைந்ததும் முதலாளி கேட்காமலே ஒரு வாளி தண்ணீர் வரும். காய்ந்த கயிற்றை ஐயா தொடவே மாட்டார். ஒரு முழம் வெட்டி வாளியில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார். பிறகு எடுத்து, முதலில் இரண்டு கையாலும் இழுத்து, நீள்கிறதா என்று பார்ப்பார். அடுத்தது சின்ன வளையமாக மடக்கிப் பார்ப்பார். முறுக்கிக்கொண்டு எட்டுப் போட்டால் அதை ஓரமாக வைத்துவிடுவார். மூன்றாவது, மூடிய உள்ளங்கைக்குள்ளால் உருவுவார், கண்ணை மூடிக்கொண்டு. கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு கப்பியை எடுத்து, ஈரக் கயிற்றை அதற்குள் விட்டு, மறுமுனையை இழுக்காமல் தானாக இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்காத கயிறு தாமானுக்கு ஆகாது. காற்று திடீரென்று அடிக்கும்போது தாமானை விட்டால் அது அந்தக் கணமே ஓட வேண்டும். ஓடாவிட்டால் பாய் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், படகு கவிழும். கயிற்றைக் கடித்துப் பிடிக்கிற பல் உள்ள கருவி ஒன்று படகுகளோடு வந்திருந்தது. அதை எல்லாப் படகிலும் அவர் கழற்றிப் போட்டிருந்தார். “கயிறு ஆளின்ரை கையிலை இருக்கவேணும்” என்பார்.

மெல்லிய கயிறுதான் அவருக்குப் பிடிக்கும். மெல்லியது ஓடும், தண்ணீர் குடிக்காது. கை நோகிறது, கொஞ்சம் தடித்த கயிறு இல்லையா என்று எந்த விருந்தாளியாவது கேட்டால், “தேர்வடம் கோயில்லை இருக்கு” என்பார். தடித்த கயிற்றுக்கு அவரிடம் இருந்த ஒரே பெயர் தேர்வடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

ஒரு கச்சான் காற்றுக் காலத்துக்குச் சற்று முன்னால் ஐயாவுக்கு வலது கை மரத்துப்போனது. காலையில் எழும்பும்போதே விரல்கள் சரியாக மடங்கவில்லையாம். பதுளை ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வந்தார். நடை சரி, பேச்சு சரி, கேலி சரி. தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் இடது கையால் எடுத்தார். நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை, அதாவது பார்க்காத மாதிரி இருந்தோம்.

அதே சமயம் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு விதி வந்தது. வயதான பயிற்றுநர்கள் ஆண்டுக்கொரு தடவை மேனேஜர் முன்னிலையில் தனியாகப் படகோட்டிக் காட்ட வேண்டும். குளத்து நடுவில் இருக்கும் திட்டைச் சுற்றி, நல்ல காற்றில், திரும்பி வர வேண்டும். முடியாதவர் போகலாம். ஐயாவுக்குப் போவது என்றால் வேலையோடு கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையும் போகும். ஊரில் வீடென்று ஒன்று அவருக்கு மிச்சமில்லை. மேனேஜர் கொழும்புப் பையன், கெட்டவரில்லை. “எனக்குத் தெரியும், ஐயா கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவார்” என்று சொல்லிக்கொண்டே தேதியைக் குறித்தார்.

அன்று பின்னேரம் ஐயா என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல், ஒரு கப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பதுளைக்குப் போய், தாமானுக்கு மொத்தக் கயிறு வேண்டிக்கொண்டு வாரும்.”

இத்தனை வருடத்தில் அவருடைய தமிழ் எனக்கு ஓரளவு பழகியிருந்தது. ‘வேண்டு’ என்றால் ‘வாங்கு’ என்று தெரியும். ஆரம்பத்தில் ஒருமுறை “ஆணி வேண்டும்” என்றார். ஆமாங்க, வேணும்தாங்க என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றிருந்தேன். இப்போது நான் தேர்ந்தவன். மொத்தக் கயிறு, அதாவது தாமானுக்கு ஆகிற கயிறு கடையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும். கச்சான் வருகிறது, ஐயா முன்யோசனையோடு செய்கிறார் என்று வியந்துகொண்டே பஸ் ஏறினேன்.

முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “மொத்தமுமா?”

“மொத்தமும்னுதாங்க ஐயா சொன்னாரு.”

“ஒரு துண்டு நனைச்சுப் பாக்கல்லியா? வாளி எடுக்கச் சொல்லவா?”

“நேரமில்லீங்க. எல்லாத்தையும் கட்டுங்க.”

அவர் எனக்கு வடையும் வரவழைத்தார். எல்லாவற்றையும் ஹோட்டல் கணக்கில் எழுதி, வெலிமடைக்குக் கரட் ஏற்றப் போகவிருந்த ஒரு லொறிக்காரரைப் பிடித்து, “இவர முதல்ல கொண்டு போய் எறக்கிட்டு அப்புறம் போ” என்று எதிர்த்திசையில் அனுப்பிவைத்தார். கயிற்றுச் சுருள்களின் மேல் நான் உட்கார்ந்து வந்து இறங்கினேன்.

ஐயா வெளியே வந்தார். சுருள்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இதென்ன?”

“மொத்தக் கயிறுங்க ஐயா. ஒண்ணுகூட மிச்சம் வைக்கல.”

சொதிக்குள் போடவா என்று கேட்ட மனிதர். நான் காத்திருந்தேன். “சரி. உள்ளை அடுக்கும்” என்றுவிட்டுப் போய்விட்டார். திட்டு விழாததில் எனக்குச் சந்தோஷம். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

விளக்கம் சமையலறையில் கிடைத்தது. அங்கே ஐயாவின் தமிழையே பேசும் சாவகச்சேரிப் பக்கத்து அக்கா ஒருவர் சமையலுக்கு இருந்தார். மறுநாள் கறிக்கு வெட்டிக்கொண்டே, “தம்பி, உந்தக் கூடையிலை மொத்தக் கத்தரிக்காயா எடுத்துத் தாரும்” என்றார். நான் கூடையோடு தூக்கி வைத்தேன்.

“கூடையை ஆர் கேட்டது? மெல்லிசு வேண்டாம், மொத்தமானதா ரெண்டு தாரும் எண்டனான்.”

“மொத்தம்னா எல்லாமும்தானேக்கா?”

“எங்கடை ஊரிலை மொத்தம் எண்டால் உம்மளைப்போல” என்று என் இடுப்பைக் காட்டினார்.

கூடையிலிருந்து ஒரு குண்டுக் கத்தரிக்காயை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் என்றால் தடிப்பு. அந்தச் சொல்லை ஐயாவின் வாயிலிருந்து நான் கேட்டிராததற்குக் காரணம், தடித்த கயிறு வேண்டும் என்று அவர் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டார், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் கடையையே தூக்கிக்கொண்டு வந்தேன். என்னைத் திருத்த வேண்டுமென்றால் ‘தடித்தது’ என்று இரண்டாவது தடவை சொல்ல வேண்டும். அதை அவர் சொல்ல மாட்டார்.

கொட்டகைக்குப் போனேன். ஐயா உள்ளே தனியாக, மெல்லிய தாமானை வலது கையால் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு விரல்களுக்கிடையால் வழுக்கி வந்தது. இடது கைக்கு வேலை இருந்தது, சுக்கானைப் பிடிப்பது. கையுறை போடலாம்தான், ஆனால் ஏன் புதிதாகக் கையுறை என்று மேனேஜர் கேட்பார்.

நான் கத்தரிக்காய் விஷயத்தைச் சொல்லவில்லை. “ஐயா, இவ்வளவு கயிறு வந்துடுச்சு. இந்தத் தடிச்சத ஒரு படகுல சும்மா போட்டுப் பாப்போமாங்க?” என்றேன்.

“தேர்வடத்தையோ?” என்றார். கையிலிருந்த தாமானைக் கீழே வைத்துவிட்டு, “சரி, போட்டுப் பாரும்” என்றார்.

போட்டுப் பார்த்தது நான். அதற்குள் நீந்தக் கற்றிருந்தேன், பாதுகாப்புச் சட்டையும் உண்டு. கரையோரம் நன்றாகத்தான் போனது, கை நிறையக் கயிறு, சுகம். நடுக்குளத்தில் கச்சான் ஒரு தள்ளுத் தள்ளியது. தாமானை விட்டேன். அது கொஞ்சம் ஓடி, பாயின் அடியோரம் நீளும் பாய்க்கட்டையில் இருக்கும் சின்னக் கப்பிக்குள் நனைந்து இறுகி நின்றது. குளத்தைக் கீழிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

நனைந்து வந்தவனிடம் ஐயா கேலி பேசவில்லை. “விடும் தம்பி” என்றார். அவர் என்னைத் ‘தம்பி’ என்றது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய கப்பி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அது வருவதற்குள் தேதி போய்விடும். மெல்லியது கையில் நிற்காது, மொத்தமானது கப்பியில் ஓடாது.

ஈரக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டுவதற்காக முனையை வெட்டினேன். கோபத்தில் வெட்டியதில், பின்னலுக்குள் இருந்த உள்நரம்பு தனியாக வெளியே எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்து இழுத்தேன். முழம் முழமாக வந்தது. மேலே இருந்த பின்னல் காற்றுப் போன மாதிரிச் சப்பையாக விழுந்தது.

“நில்லும்” என்றார் ஐயா.

சப்பையான துண்டை வாங்கி, கப்பிக்குள் விட்டார். இழுக்காமலே இறங்கியது. மறுபடி செய்தார். மறுபடி. துறைமுகத்தில் யாரோ பந்தயப் படகுக்காரர் இப்படிச் செய்து வைத்திருந்ததை ஒருகாலத்தில் பார்த்ததாகவும், பார்த்துச் சிரித்ததாகவும் சொன்னார்.

படகுத் தரையில் இருக்கும் கப்பி பெரியது, கைக்கு வருவதற்கு முன் கடைசியாகக் கயிறு அதற்குள்ளால்தான் வரும். பாய்க்கட்டையில் இருப்பவைதான் சின்னவை. ஆகவே மேலே ஓடுகிற பகுதியில் உள்நரம்பை உருவிவிடலாம், கை பிடிக்கிற பகுதியில் அப்படியே விடலாம். ஒரே கயிறு, பாதி மெல்லிசு, பாதி மொத்தம். பின்னல் மட்டும் பாரம் தாங்குமா என்று பார்க்க, கொட்டகை முன்னால் நின்ற மாமரத்தில் அதைக் கட்டி என்னைத் தொங்கச் சொன்னார். “உம்மடை நிறை காணும்” என்றார். காணும் என்றால் அவர் தமிழில் ‘போதும்’. அதுவும் எனக்குப் பழகியிருந்தது, அதனால் வருத்தப்படவும் முடிந்தது.

எங்கே மெலிய வேண்டும் என்பதில்தான் நாங்கள் இருவரும் சண்டை பிடித்தோம். மொத்தம் சீக்கிரம் தொடங்கினால் கைக்கு நல்லது. ஆனால் தாமானை நிறைய விடும்போது அந்த மொத்தப் பகுதி மேலே ஏறிச் சின்னக் கப்பியில் போய் அடைக்கும். தள்ளித் தொடங்கினால் கப்பிக்கு நல்லது, ஆனால் இழுத்துப் பிடிக்கும் நேரத்தில் கையில் மெல்லிசு இருக்கும்.

“இன்னும் ஒரு முழம் உருவிடுவோங்க ஐயா.”

“அந்த முழத்திலைதான் என்ரை கை இருக்கும்.”

அவர் கையைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் அந்த முழத்தை விட்டுவிட்டேன். சேருமிடத்தில் நரம்பை இழை இழையாகக் குறைத்து வெட்டி, சிவப்பு நூலால் தைத்தேன். ஒரு தள்ளுக்காற்றுக்கு, இரு கையையும் விரித்த அளவில் இரண்டு பாகம் கயிறு விடலாம், சிவப்பு நூல் கப்பிக்குக் கீழேயே நிற்கும். மூன்றாவது பாகம் விட்டால் உள்ளே போகும். அது ஐயாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

சோதனை நாளில் காற்று, தலைமை அலுவலகம் கேட்டுக்கொண்ட மாதிரியே இருந்தது. ஐயா தனியாகப் போனார். நானும் மேனேஜரும் மோட்டார் படகில் பின்னால். மேனேஜர் பாயைப் பார்த்தார். நான் சிவப்பு நூலை மட்டும் பார்த்தேன்.

“அழகா ஓட்டுறார் இல்லையா?” என்றார் மேனேஜர்.

“ஆமாங்க சேர்.”

திட்டுக்கு மறைவில் காற்று செத்துப் போயிருந்தது. அந்த முனையைத் தாண்டியதும் மொத்தமாக வந்து அறைந்தது. இங்கே நான் சொல்வது எங்கள் ஊர் மொத்தம். படகு ஒருபக்கம் சரிந்தது. ஐயா தாமானை விட்டார். ஒரு பாகம், இரண்டு பாகம். சிவப்பு நூல் மேலே ஏறிக் கப்பியின் வாயில் வந்து முட்டியது. படகு இன்னும் நிமிரவில்லை. விரலைத் திறந்து இன்னும் கொஞ்சம் விடுவதுதான் எவனும் செய்வது. நான் செய்திருப்பேன். ஐயா அந்த வலது கையை மூடினார். மூடிப் பிடித்துக்கொண்டு, உடம்பை வெளிப்பக்கம் சாய்த்து, சுக்கானால் படகைக் காற்றுக்கு நேரே திருப்பினார். பாய் படபடவென்று அடித்தது. படகு நிமிர்ந்தது. நூல் மெதுவாகக் கீழே இறங்கியது.

“நீங்க ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க” என்றார் மேனேஜர். நான் எழுந்து நின்றது எனக்குத் தெரியாது.

கரையில் மேனேஜர் ஐயாவுக்குக் கைகொடுத்தார், வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐயா சிரித்துக்கொண்டே நின்றார். பாராட்டு ஏதாவது எனக்கும் வரும் என்று கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனால், மற்ற ஐந்து படகுகளின் தாமானையும் ஐயா அவிழ்த்து வெளியே போட்டிருந்தார். நான் அள்ளி வந்த சுருள்களில் மொத்தமானவை பக்கத்தில் அடுக்கியிருந்தன.

“எல்லாத்துக்கும் அதைப்போலச் செய்யும்.”

“மத்ததுக்கு எதுக்குங்க ஐயா? அதெல்லாம் நல்லாத்தானே ஓடுது?”

“ஒண்டு மட்டும் வேறையா இருந்தா ஏனெண்டு கேப்பினம்.”

உட்கார்ந்து உருவத் தொடங்கினேன். ஐயா எதிரே உட்கார்ந்து, இடது கையால் ஊசியில் நூல் கோத்துக் கோத்துத் தந்தார். ஐந்தையும் முடித்துக் கட்டி, ஆறு படகையும் தண்ணீரில் இறக்கியபோது, அவருடைய படகு எது என்று எனக்கே தெரியவில்லை.